எந்த ஊர்த் தண்ணீர்?

ஒரகடம் பட்டறைக்கு ரேடியேட்டரைத் தோளில் சுமந்து வந்தார் டிரைவர் முனிரத்தினம்.

“பழைய டீசல் லாரிக்கு ரேடியேட்டர்ல ஊத்த எந்தக் கூலன்ட் நல்லதுண்ணே?”

மெக்கானிக் பெரியநாயகம் ரேடியேட்டரைக் கவிழ்த்தார். சுண்ணாம்புப் பொருக்கு கொட்டியது.

“பச்சைக் கூலன்ட் போதும்பா. கலக்குற தண்ணிதான் முக்கியம். பேட்டரிக்கு ஊத்துற உப்பில்லாத சுத்தத் தண்ணியில கலந்து ஊத்து. இன்னொரு தபா இந்த உப்புத் தண்ணிய ஊத்துனே, இன்ஜின் காலி!”

“சரிண்ணே.”

“ஆமா, இது எந்த ஊரு தண்ணி?” ஆவல் தாங்காமல் கேட்ட பெரியநாயகம், பட்டறை மூலையில் இருந்த குடிதண்ணீர்ப் பானையில் ஒரு சொம்பு மொண்டு மடக்மடக்கென்று குடித்தார்.

முனிரத்தினம் அந்தப் பானையையே பார்த்தார்.

“படப்பைப் பக்கத்து போர்வெல் தண்ணிண்ணே. நான் ஓட்டுறது தண்ணி லாரி. காலையில இந்தப் பட்டறைக்குன்னு சொல்லி உங்க வூட்டம்மா ரெண்டு குடம் புடிச்சாங்களே, அதேதான்.”