நாவல் கொட்டைக் கஷாயம்

"கையை நீட்டுங்கப்பா. இன்னொரு தடவை பார்த்துடறேன்."

"அப்பனைக் குத்திக் குத்திப் பார்க்கறதுக்குத்தான் உன்னை டாக்டருக்குப் படிக்க வச்சேனா?" என்றார் நாட்டு மருந்துக் கடைக்காரர். குரலில் தெம்பு திரும்பியிருந்தது. சற்று முன் கல்லாவுக்குப் பின்னால் வேர்த்து விறுவிறுத்துச் சரிந்தவர் அவர். பக்கத்துத் தெருவிலிருந்து ஓடிவந்த மகள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருந்தாள்.

"இப்ப பரவாயில்ல. ஆனா ரத்தத்துல சர்க்கரை இப்படி அதலபாதாளத்துக்கு இறங்கினா உயிருக்கே ஆபத்துப்பா."

"ஏறினாலும் திட்டற, இறங்கினாலும் திட்டற. எல்லாம் என் நாவல் கொட்டைக் கஷாயத்தோட மகிமை."

"நான் எழுதிக் கொடுத்த மாத்திரை?"

"அலமாரியில தூங்குது. நாட்டு மருந்து விக்கறவன் மாத்திரை முழுங்கினா எவன் என்கிட்ட பொடி வாங்குவான்?"

பல மாதமாக இதே பாட்டுத்தான். மகளுக்கும் அலுத்துவிட்டது.

"அப்படின்னா கஷாயம்தான் வினை. இன்னியோட நிறுத்துங்க. கடையிலயும் விக்காதீங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. கடை நடப்பதே அந்தக் கஷாயப் பொடியால்தான்.

வாசல் பக்கம் நின்றிருந்த மனைவி தயங்கித் தயங்கி அருகில் வந்தாள்.

"கஷாயத்து மேல பழி போடாதடி. உங்கப்பா கால்ல ஒரு புண்ணு ஆறவே இல்ல, எனக்குப் பயமா போச்சு. அலமாரியில இருந்த மாத்திரையைப் பொடி பண்ணி, ஒரு வாரமா கஷாயத்துல கலந்துட்டேன். கசப்போட கசப்பா இறங்கிடுமேன்னு."

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"சொல்லாம மருந்து கொடுக்கலாமாம்மா? கஷாயம் குடிக்கறதுன்னா குடிக்கட்டும், ஆனா ரெண்டும் சேர்றது எனக்குத் தெரியணும். அப்பத்தான் அளவைக் குறைச்சு, அடிக்கடி பார்த்துத் தர முடியும்." சற்று யோசித்தாள். "இருந்தாலும் ஒரு மாத்திரைக்கு இவ்வளவு இறங்காதே..."

கடைக்காரர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்கப் போகிறார் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

அவரோ சத்தமில்லாமல் எழுந்தார். கடுக்காய் இழுப்பறையைத் திறந்து, அடிவரை கைவிட்டுத் துழாவினார். பாதி காலியான மாத்திரை அட்டை ஒன்றைக் கல்லா மேல் வைத்துவிட்டு, மகளைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ எழுதிக் கொடுத்த நாள்லேருந்து தனியா வாங்கி முழுங்கிட்டுத்தான் இருக்கேன். பெத்த பொண்ணு கொடுத்த மருந்தை அப்பனே போடலைன்னா, ஊர்ல வேற எவன் போடுவான்?"