ஆறாம் கட்டிலிலிருந்து ஏழாம் கட்டிலுக்கு

ரெஜினா சீஃப் டாக்டருடைய முகத்தைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலது கை. ஆள்காட்டி விரல். கையுறை இல்லை.

ஆறாம் கட்டில் பெண்ணின் வயிற்றுத் தையலை அந்த விரல் அழுத்தியது. மஞ்சளாகச் சீழ் வெளியே வந்தது. அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ம்ம். சீழ் பிடிச்சிருக்கு" என்றார் சீஃப். மாம்பழம் பழுத்திருக்கிறதா என்று பார்த்தவரைப் போல.

ரெஜினா நீட்டிய பஞ்சில் விரலைத் துடைத்தார். அவருடைய சுத்தம் அதோடு முடிந்தது.

கோட்டு மட்டும் பளிச்சென்று இருந்தது. அந்தப் பெருமை சலவைக்காரருடையது.

பெயருக்குப் பின்னால் மூன்று பட்டங்கள். கை கழுவுவது மூன்றிலும் பாடமாக இல்லை போலும்.

இந்த மாதம் இது மூன்றாவது. குடல்வாலை எடுத்துவிட்டு நல்லபடியாக எழுந்து உட்கார்ந்தவர்கள், நான்காம் நாள் காய்ச்சலில் சுருண்டார்கள். மருத்துவமனைக் கூட்டத்தில் சீஃப் நோயாளிகளையே காரணம் சொன்னார்.

"இதுங்களுக்கு சுத்தம்னா என்னன்னே தெரியாது."

அவள் அதை நாகரிகமான தமிழில் அறிக்கையாக எழுதிக் கொடுத்தாள். ரெஜினா, அறுவை சிகிச்சை வார்டில் பத்தொன்பது வருடமாக நர்ஸ். நாகரிகமாக எழுதுவதில் அவளை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது.

சீஃப் ஏழாம் கட்டிலுக்கு நகர்ந்தார். பின்னாலேயே நான்கு பயிற்சி மருத்துவர்கள்.

ஏழில் மாரிக்கனி. உப்பளத்தில் வேலை. குடல்வால் வெடிக்கப்போகிற நேரத்தில் தூக்கி வந்தார்கள். அறுத்து மூன்று நாள். ரெஜினா கட்டைப் பிரித்து வைத்திருந்தாள். தையல் காய்ந்து, சுத்தமாக இருந்தது.

அதே விரல் இறங்கியது.

மாரிக்கனி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கையக் கழுவிட்டு வாங்க, சார்."

சீஃப் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா?"

"அவ புண்ணுல வச்ச கைதான இது? எம்மேல வைக்காதீங்க. அளத்துல ஒரு கீறல் பட்டாலே நாங்க கழுவாமத் தொட மாட்டோம்."

சீஃப் சிரித்தார். பயிற்சி மருத்துவர்கள் பக்கம் திரும்பி, அவர்களும் சிரிப்பதற்காகக் காத்திருந்தார். ஒருவன் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

கையை இழுத்துப் பார்த்தார். உப்பு வாரிய கை. விடவில்லை.

"சிஸ்டர், இந்தம்மாவுக்குப் பாடம் எடுத்தது நீங்களா?"

இல்லை.

இவளிடம் சொன்னதில்லை. அவரிடமும் சொன்னதில்லை. பத்தொன்பது வருடத்தில் யாரிடமுமே சொன்னதில்லை. மனதுக்குள் மட்டும் தினமும் அவரைக் காறித் துப்பியிருக்கிறாள். வாய் 'எஸ் சார்' என்றே சொல்லிப் பழகியிருந்தது.

ஆறாம் கட்டில் பெண் முனகினாள்.

"ஆமா சார்" என்றாள் ரெஜினா. "நான்தான் சொல்லிக்குடுத்தேன்."

மாரிக்கனி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். தான் வாரிக் குவித்த உப்புக்குப் பங்கு கேட்டு வந்தவளைப் பார்ப்பது போல.

அந்தப் பார்வையை ரெஜினா வாங்கிக்கொண்டாள். அது அவளுக்கு வரவேண்டியதுதான்.

எட்டாம் கட்டில்காரி போர்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

ஒன்பதாம் கட்டிலிலும் போர்வை அசைந்தது.

ரெஜினா வார்டின் கோடியில் இருந்த தொட்டிக்கு நடந்தாள். குழாயைத் திறந்தாள். புது சோப்பின் உறையைப் பிரித்து வைத்தாள். ஒதுங்கி நின்றாள்.

தண்ணீர் நூலாக விழுந்தது.

முதலில் வந்தவன், பாதிச் சிரிப்பில் நிறுத்தியவன். சட்டைக் கையை முழங்கைவரை மடித்தான். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. அவசரமே காட்டவில்லை. அவனுக்குப் பின்னால் மற்ற மூவரும் வந்து நின்றார்கள்.

மாரிக்கனி பிடியை விட்டாள்.

சீஃப் கோட்டைச் சரிசெய்துகொண்டார். வாசலைப் பார்த்தார். அங்கே நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மெதுவாக நடந்து வந்து நால்வருக்கும் பின்னால் நின்றார்.

தொண்டையைச் செருமினார்.

யாரும் விலகவில்லை.