முதலில் விழுந்தவர்

“முதல் இடம் எனக்கு வேண்டாம். ஒட்டகத்துக்குக் குடுங்க.”

சாம்பியன் இப்படிச் சொன்னதும் மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய மனிதர்கள் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், இரண்டாம் தடவை வற்புறுத்தினால் வழிக்கு வந்துவிடுவார்கள் என்பது விளையாட்டுப் பக்க ஆசிரியரின் அனுபவம். இன்னொரு டீ சொல்லி அனுப்பினார்.

பத்திரிகை அலுவலகத்தின் மாடி அறை. மண் தடத்தில் வண்டியைச் சறுக்கவிட்டு ஓட்டும் ஸ்பீட்வே பைக் பந்தயத்தில், எல்லாக் காலத்துக்கும் சேர்த்துத் தலைசிறந்த பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்க மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிறு இணைப்பில் பட்டியல் வரும். அதோடு பந்தயத் திடலின் புதுச் சுவரில் பத்துப் பெயரையும் பொறிக்கப் போகிறார்கள்.

காலையிலிருந்து ஒரே வாக்குவாதம். ஒரு காலைப் பின்னால் இழுத்துக்கொண்டே வளைவில் சறுக்கிய அந்தக் காலத்து ஆட்கள் பெரியவர்களா, இரும்புத் தகடு கட்டிய இடது காலை முன்னால் ஊன்றித் திரும்பிய பிந்தையவர்களா? இன்றைய இன்ஜின் அன்றைக்கு அவர்களுக்குக் கிடைத்திருந்தால்? அன்றைக்கு இருந்த மரவேலியில் இன்றைய பையன்கள் ஒரு தடவை மோதிப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம் என்றார் ஆசிரியர். புள்ளிவிவரக்காரர் எதற்கும் மசியவில்லை. ஓடியது எத்தனை, ஜெயித்தது எத்தனை, விழுந்தது எத்தனை. அவருக்கு இந்த மூன்று கட்டங்கள் போதும்.

ஒட்டகம் என்பது சாம்பியனோடு ஓட்டியவருக்கு ரசிகர் கூட்டம் வைத்த பெயர். கழுத்தை நீட்டிக்கொண்டு ஓட்டுவார்.

“பத்துக்குள்ளயே அவர் வர மாட்டார் சார்,” என்றார் புள்ளிவிவரக்காரர். “ஃபைனல்ல விழுந்த ஆள். அவரால ஓட்டம் நின்னுபோச்சு, மறு ஓட்டத்துல நீங்க ஜெயிச்சீங்க. விழுந்தவர் பேரைச் சுவத்துல எழுதினா சிரிக்க மாட்டாங்களா?”

சாம்பியன் டீயைத் தொடவில்லை. அந்த ஃபைனலில் ஜெயித்த கோப்பை அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. வாரம் தவறாமல் அதைத் துடைப்பது அவர் மனைவிதான். அவர் அந்தப் பக்கமே போவதில்லை.

“அன்னிக்கு முதல்ல விழுந்தது நான்,” என்றார்.

தரையைப் பார்த்தபடியே அவர் சொல்லி முடித்தார். மூன்றாவது சுற்று. அவர் முன்னால், ஒட்டகம் ஒட்டினாற்போலப் பின்னால். வளைவில் இவர் சறுக்கி விழுந்தார். அந்த வண்டிகளுக்குப் பிரேக் கிடையாது. முன்னால் ஒருவன் விழுந்தால் பின்னால் வருகிறவனுக்கு இரண்டே வழி. அவன் மேல் ஏற்ற வேண்டும், இல்லை தன் வண்டியைச் சாய்த்துத் தானும் விழ வேண்டும். ஒட்டகம் சாய்த்தான். வேலியில் போய் மோதினான்.

ஒரே புழுதி. யார் முதலில் விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் விழுந்து ஓட்டத்தை நிறுத்தியவர் வெளியே போக வேண்டும், மற்றவர்கள் மறுபடி ஓட வேண்டும் என்பது விதி.

“நடுவர் வந்து கேட்டார். நான் அவன் பக்கம் கையைக் காட்டினேன். முப்பத்தொரு வருஷமாச்சு.”

புள்ளிவிவரக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒருவர் வாய்ப்பேச்சை நம்பிப் பழைய பதிவைத் திருத்த முடியாது, சம்பந்தப்பட்டவரையே கேட்டுவிடலாம் என்று போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

ஒட்டகம் இப்போது டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பிரேக் இல்லாத வண்டியில் பேர் வாங்கியவர், நாள் முழுக்கப் பிரேக் போடச் சொல்லிக்கொடுக்கிறார். “வண்டியை ஓரமா நிறுத்துங்கம்மா,” என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் பேச வந்தார்.

புள்ளிவிவரக்காரர் ஒரே கேள்விதான் கேட்டார். அந்த ஃபைனலில் தானே முதலில் விழுந்ததாகச் சாம்பியன் சொல்கிறார், உண்மையா?

“அவனா சொன்னான்? அன்னிக்கு மண்டையில நல்லா அடி அவனுக்கு, இன்னும் தெளியலபோல. நான்தான் முதல்ல விழுந்தேன். அப்படியே இருக்கட்டும், மாத்தாதீங்க.”

புள்ளிவிவரக்காரரின் முகம் இளகிவிட்டது. தோற்றவருக்கு ஓர் இடம் கிடைக்கட்டும் என்று தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிற மனிதரை முதல் இடத்தில் வைக்காமல் வேறு யாரை வைப்பது என்று கேட்டார். ஆசிரியர் அதற்குள் தலைப்பே எழுதிவிட்டார்: ‘களத்திலும் சாம்பியன், மனத்திலும் சாம்பியன்’.

சாம்பியனுக்குக் காது மடல்கள் எரிந்தன. பொய்யில் கிடைத்தது ஒரு கோப்பை. உண்மையைச் சொன்னதற்கு இன்னொன்றா? ஸ்பீக்கரை அணைத்து, போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார்.

“ஏன்டா பொய் சொன்னே?”

“இன்னிக்குப் புதுசாவா சொன்னேன்? அன்னிக்கும் இதையேதான் சொன்னேன்,” என்றார் ஒட்டகம். “என் கணுக்கால் மூணு துண்டு. நான் மறுபடி ஓட முடியாது. நிஜத்தைச் சொன்னா உன்னையும் வெளிய அனுப்பிடுவாங்க. நமக்குப் பின்னால உருட்டிக்கிட்டு வந்த ரெண்டு பேருக்குக் கோப்பையைத் தூக்கிக் குடுக்கச் சொல்றியா? அதான் ஸ்ட்ரெச்சர்ல ஏத்தறதுக்குள்ள நடுவரைக் கூப்பிட்டு, நான்தான் முதல்ல விழுந்தேன்னு சொல்லிட்டேன்.”

சாம்பியன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த வலியிலயும் நான் ஏன் அவ்வளவு அவசரப்பட்டேன் தெரியுமா?” ஒட்டகம் சிரித்தார். “நடுவர் முதல்ல உன்கிட்ட வந்து கேட்டிருந்தா, நீ உண்மையைச் சொல்லித் தொலைச்சிருப்பியே.”