எனக்கும் தட்டிவிடுங்க

"அட, காட்டுங்கண்ணே! நான் மட்டும் என்ன சாமியாரா?"

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நுரை பூசிய முகத்தோடு நாற்காலியில் சாய்ந்திருந்த கார் புரோக்கரின் போனுக்குள் எட்டிப் பார்த்தார்.

பெஞ்சில் காத்திருந்த வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன வீடியோ என்று அவருக்கும் தெரியும். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற பெண் ஒருத்தியின் முகத்தை எடுத்து, யாருடைய உடம்பிலோ கம்ப்யூட்டரில் ஒட்டவைத்து, எவனோ ஊர் முழுக்கச் சுற்றவிட்டிருக்கும் கண்றாவி.

நேற்றுக் காலை அவர் போனுக்கும் வந்தது. போலி என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. உடனே அழித்துவிட்டார். வாத்தியார் இந்த விஷயத்தில் நெருப்பு. முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தவர்; அவரைப் பற்றி ஒரு பேச்சு வந்தது கிடையாது. "என் போன்ல குப்பைக்கு இடமில்லை" என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

"அடேங்கப்பா!" என்று இளித்தார் சலூன்காரர். "உங்களுக்கு மட்டும் யாருண்ணே இதெல்லாம் அனுப்பறது?"

"டயர் கடை மாப்பிள்ளைதான். அவன்கிட்ட இல்லாத ஐட்டமே கிடையாது."

"பெட்ரோல் பங்குக்கு எதிர்ல இருக்காரே, அவரா?"

"அவனேதான்."

"எப்போ அனுப்பினார்?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம். ஏன்யா, நாள் நட்சத்திரம் பார்த்துதான் வீடியோ பார்ப்பியா?"

"சும்மா கேட்டேண்ணே. எனக்கும் தட்டிவிடுங்க."

வாத்தியாரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பேப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்தார்.

"ஏம்ப்பா, உன் வீட்டுலயும் ஒரு பொண்ணு இருக்கு இல்ல? வெட்கமா இல்லையா உனக்கு?"

"இருக்கு சார்" என்றார் சலூன்காரர். அவருடைய போன் அதிர்ந்தது. வீடியோ வந்துவிட்டது. அதைத் திறக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, புரோக்கரின் கழுத்தில் கட்டியிருந்த துணியை உருவினார்.

"எழுந்திருங்க."

"யோவ், இந்தப் பக்கம் இன்னும் எடுக்கவே இல்லையே!"

"அந்தப் பொண்ணோட அப்பன் கை இனிமே உங்க மூஞ்சியில படாது."

புரோக்கருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் பாதி நுரையும் பாதி தாடியுமாக வாசலைப் பார்த்து எடுத்தார் ஓட்டம்.

வாத்தியார் தூக்கிப் போட்ட பேப்பரைக் குனிந்து எடுத்தார்.

"எவன் முதல்ல கிளப்பிவிட்டான்னு தெரியணும் சார். இவனுக்கு யாரு கொடுத்தா, அவனுக்கு யாரு கொடுத்தான்னு பின்னாடியே போனாதான் பிடிக்க முடியும்னு போலீஸ்ல சொன்னாங்க. நான் கத்தியைத் தூக்கிக்கிட்டுதான் கிளம்பினேன். என் பொண்ணுதான் தடுத்தா. 'நான் ஏம்ப்பா ஒளியணும்? புகார் கொடுத்தாச்சு. நீங்க யாரையும் அடிக்காதீங்க, வந்த வழியைக் கேட்டு வாங்குங்க'ன்னுட்டா. இன்னிக்குக் காலையிலகூட ஒரு பிரசவக் கேஸைக் கொண்டுபோய்ச் சேர்த்துட்டு வந்தா. ரெண்டு உசுரும் நல்லா இருக்கு." சலூன்காரருக்குக் கண் கலங்கியது, நெஞ்சு மட்டும் நிமிர்ந்தே இருந்தது. "அவ சிங்கம் சார்!"

"மன்னிச்சிடுப்பா. உன்னைப் போய்..." வாத்தியார் தடுமாறினார். தன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லிக்கொள்ளலாமே என்று, "எனக்கும் வந்துச்சு. பார்த்த உடனே அழிச்சிட்டேன்" என்றார்.

சலூன்காரரின் முகம் மலர்ந்தது. "உங்களுக்கு யார் சார் அனுப்பினாங்க?"

அனுப்பியது சம்பந்தி. மகளைக் கொடுத்த இடம்.

"அது... ஞாபகம் இல்லையேப்பா."

சலூன்காரர் கோபப்படவில்லை. துண்டை உதறி நாற்காலியைத் தட்டிவிட்டார்.

"உக்காருங்க சார். நீங்க பதிமூணாவது ஆளு. நல்லவங்க எல்லாருமே அழிச்சிட்டேன்னு பெருமையா சொல்றீங்க, அனுப்பினது யாருன்னு மட்டும் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. அதனாலதான் சார், என் பொண்ணு மானத்துக்கு நான் இவனுங்ககிட்ட பல்லை இளிக்க வேண்டியிருக்கு!"