எட்டாத வால்வு

மாநில அணியில் சேர சுகந்திக்குக் கடைசி வாய்ப்பு அந்தச் சைக்கிள் பந்தயம்தான். அதற்காகத் தன் சைக்கிளுக்கு ஆழமான அலுமினிய ரிம்களைத் தேர்ந்தெடுத்தாள். பழையவை இரண்டு விரல் உயரம். இவை நான்கு விரல். காற்றடிக்கும் வால்வு ரிம்மைத் தாண்டி வெளியே நீட்ட வேண்டுமே என்று, கடைக்காரர் நீண்ட வால்வு உள்ள டியூப்களைப் போட்டுக் கொடுத்தார். சீட்டுக்கு அடியில் தொங்கிய சிறு பையில் கிடந்த மாற்று டியூபை இருவருமே மறந்துவிட்டார்கள். அது பழைய ரிம்முக்கு வாங்கியது. அதன் வால்வு குட்டை.

"அக்கா, பஞ்சரானா நான் இருக்கேன்," என்றது டியூப்.

"நான் போற வேகத்துல முள்ளு குத்துமா? தூங்குடா," என்று பின்சக்கர ரிம் சிரித்தது.

பந்தயத்தன்று, ஆளில்லாத உப்பளச் சாலையில் பின்சக்கரத்தில் முள் குத்தியது. சுகந்தி மாற்று டியூபைப் பொருத்தினாள். வருடக்கணக்காக மடிந்து கிடந்த அது ஆசையோடு ரிம்மைச் சுற்றிப் படுத்தது. வால்வு துளைக்குள் நுழைந்தது, மறுபக்கம் வரவில்லை. பம்ப் வெளியே காத்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் எட்டுடா, தம்பி," என்று ரிம் கெஞ்சியது.

"எட்டிக்கிட்டேதான் இருக்கேன் அக்கா. உங்களுக்குள்ள வெளிச்சமே தெரியல."

மற்ற சைக்கிள்கள் எல்லாம் கடந்து போய்விட்டன. சுகந்தி சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தாள். கடற்காற்று ரிம்மின் பளபளப்பான பக்கங்களில் வழுக்கிக்கொண்டு போனது. உள்ளே ஒரு மூச்சுகூட இல்லை.