மூணரை மிதி

டீச்சரம்மாவின் கணவர் காலமாகி எட்டு மாதம். அன்றிலிருந்து அவருடைய பழைய கார் கிளம்பவில்லை. அதை வாங்குகிறவர் மத்தியானம் வருவதாக இருந்தார். மெக்கானிக் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பேட்டரி புதுசு, பிளக்கில் பொறி வந்தது, பெட்ரோலும் தாராளமாக வந்தது. வண்டிதான் மசியவில்லை.

“அவர் ஆக்சிலேட்டரை மூணரை தடவை மிதிச்சுட்டுத்தான் சாவியைத் திருப்புவார்” என்றார் டீச்சரம்மா.

“மூணு சரி. அது என்னம்மா அரை?”

“எனக்கென்ன தெரியும் தம்பி? நான் ஓட்டினதே இல்ல.”

அவர் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். மெக்கானிக் சிரித்துக்கொண்டே சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பானெட்டுக்கு அடியில் குனிந்து கார்புரேட்டரைத் துடைக்க ஆரம்பித்தான்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் மட்டும் அசைகிற கம்பி அவன் விரலுக்குப் பக்கத்தில் அசைந்தது. முழுசாக மூன்று முறை. நாலாவது முறை பாதி வந்து அப்படியே நின்றது. எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். சாவி இருந்தது. திறந்த பானெட் முன்கண்ணாடியை மறைத்தது. சுற்றிப் போய் ஓட்டுகிற சீட்டைப் பார்க்க அவனுக்குக் கால் வரவில்லை.

டீச்சரம்மா வந்து தம்ளரை அவன் கையில் கொடுத்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. எப்போதும் உட்காரும் பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

“பானெட்டை மூடுங்க தம்பி” என்றார். “அவருக்கு ரோடு தெரியல.”