எதிர் ஓரம்

"இங்க பாருங்க சகலை, எலி கடிச்ச மாதிரி இருக்கு!"

அவருடைய வாட்ச் ரிப்பேர் மேசைமேல் ஒரு நாணயத்தை வைத்தான் கொழுந்தியாளின் கணவன். மளிகைக் கடையில் மீதிச் சில்லறையோடு வந்ததாம்.

ஓரத்தில் பிறை போல ஒரு துண்டு இல்லை.

கையிலிருந்த வாட்சை அவர் கீழே வைத்தார். நாணயச்சாலையிலேயே பிசகி வந்த இப்படி ஒன்றுக்காகத்தான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கைக்கு வரும் சில்லறையையெல்லாம் சலித்துக்கொண்டிருக்கிறார். இவன் போன மாதம்தான் அவருடைய நாணயப் பெட்டியைப் பார்த்துவிட்டு, நானும் சேர்க்கிறேன் என்று கிளம்பியவன்.

இவனுக்கு எல்லாமே இப்படித்தான். மாமனார் காரில் முன்சீட்டும் இவனுக்குத்தான்.

"அசலா, எவனாவது பண்ணின வேலையா?"

லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். கடியையே பார்ப்பவன் ஏமாந்து போவான். பார்க்க வேண்டியது அதற்கு நேர் எதிர் ஓரத்தை. நாணயச்சாலையில் தகடு வெட்டும்போதே துண்டு போயிருந்தால், விளிம்பை எழுப்பும் இயந்திரத்தில் எதிர்ப்பக்கத்துக்கு அழுத்தம் கிடைத்திருக்காது. அங்கே விளிம்பு மழுங்கிவிடும். வெளியே வந்தபிறகு அரத்தால் ராவியதென்றால் எதிர்ப்பக்கம் முழுசாக, கையில் தட்டுகிற மாதிரி நிற்கும்.

நாணயத்தைத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார்.

"எவனோ வேலையத்தவன் ராவியிருக்கான்."

சகலையின் முகம் தொங்கியது. உடனே சிரித்தும்விட்டான். அந்தச் சிரிப்பும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"போகட்டும் விடுங்க. பாப்பா சைக்கிள் சாவில மாட்டிக்கட்டும். ஒரு ஓட்டை மட்டும் போட்டுக் குடுங்க."

இங்கேயே கிடக்கட்டுமே என்று சொல்ல வாயெடுத்தார். உதவாத காசு உங்களுக்கு எதுக்கு என்று கேட்டுவிட்டால்?

நாணயத்தை இடுக்கியில் இறுக்கினார். குட்டி டிரில்லை எடுத்தார்.

"எந்தப் பக்கம் போட?"

"உங்களுக்குத் தெரியாததா? நீங்களே பாத்துப் போடுங்க."

கடிக்கு நேர் எதிரே, ஓரத்தை ஒட்டி, விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

எதுவும் தட்டவில்லை. சப்பித் துப்பிய மிட்டாய் போல வழவழவென்று இருந்தது.

டிரில்லை அங்கேயே வைத்து அழுத்தினார்.